பதினோரு துளி

1

செவ்வாய்க்கிழமை என்னை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை உண்டு. போடாவிட்டால் கிடையாது. நடுவில் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகச் சும்மா இருந்து பழக்கமில்லாதவள் நான். புதன்கிழமை காலையில் கோழிக்கறி வைக்கலாம் என்று அடுப்படியில் போய் நின்றேன்.

கோழியைத் துண்டு போட்டு, மஞ்சள்பொடியும் உப்பும், எங்கள் ஊரில் நாரங்கா என்கிற எலுமிச்சையின் சாறும் விட்டுப் பிசைந்து, குழாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"உம்மா, ஸ்டாப்! கோழியக் கழுவாத."

என் மகள் சபியா. காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எட்டு வயதில் இங்கே வந்தவள். அவளுடைய தமிழ் எனக்கும் அவள் வாப்பாவுக்கும் மட்டும்தான் புரியும்.

"கழுவாம அப்படியே சட்டியில போடவா? மூணு தடவ வெள்ளம் மாத்திக் கழுவாத கோழிய நம்ம வீட்டுல எவ தின்னா?"

"தண்ணி தெறிக்கும் உம்மா. சிங்க்ல, பிளேட்ல, சாலட்ல எல்லாம் பாக்டீரியா போகும். வேகவச்சா செத்துரும். உன் ஃபேக்டரில இத சொல்லியே குடுத்திருப்பாங்க."

சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் படம் போட்டே ஒட்டியிருக்கிறார்கள். பச்சைக் கோழியை வீட்டில் கழுவுவதால் சுத்தமாவது ஒன்றுமில்லை, கிருமியைச் சமையலறை முழுக்கத் தெளிப்பதுதான் மிச்சம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் குழாயைத் திறந்தேன். அவள் சொன்னது சரி என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவள் குழாயை மூடினாள். என் கையிலிருந்து சட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்.

"உம்மா, ஃப்ரைடே அந்தப் பேப்பர்ல சைன் போட்டுரு. ப்ளீஸ். ஒரு சைன்தானே."

"நீ சோலியப் பாத்துட்டுப் போ," என்றேன்.

போய்விட்டாள். கோழி மஞ்சள் பூசிக்கொண்டு சட்டியில் கிடந்தது.

2

என் வேலை என்னவென்று சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதுவும் ஊரில் வாட்சப்பில் சுற்றுகிற வீடியோவைப் பார்த்துவிட்டுத் தேங்காப்பட்டணத்திலிருந்து என் லாத்தா, அதாவது என் மூத்த சகோதரி, எனக்கே போன் போட்டுக் கேட்ட பிறகு சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஏட்டி நூரு, வெளிநாட்டுல கோழிய ஆசிட்டுல முக்கி விக்கானுவளாமே? நீ அங்கயாட்டி சோலி பாக்க?"

"ஆமா லாத்தா. முக்குறதே நான்தான்."



"அல்லாவே. மனுசம்மாரு திங்கதுக்கா?"

"லாத்தா, நீ இனயம் கடக்கரையிலேந்து வார மீனுல போடுதியே புளி, அது என்ன பன்னீரா? கறியில தயிரு விட்டு ஊறவைக்கியே, அந்தத் தயிருல புளிப்பு எங்கேந்து வருது? அதுக்குப் பேரு லாக்டிக் ஆசிட். அதத்தான் நான் தொட்டியில விடுதேன். பாட்டரிக்கு ஊத்துற ஆசிட்டுன்னு நெனச்சியா?"

"அப்படிப் பறஞ்சா வெளங்கும்லா," என்றாள் லாத்தா. பாதிதான் நம்பினாள் என்று குரலிலேயே தெரிந்தது.

ஊரில் கோழிக்கடைக்குப் போனால் கண்முன்னே அறுத்து, தோலை உரித்து, சூடு ஆறுவதற்குள் பையில் போட்டுத் தருகிறார்கள். மதியத்துக்குள் கறி வயிற்றுக்குள் போய்விடும். கிருமி பெருகுவதற்கு நேரமே கிடையாது. இங்கே அப்படியா? அறுத்த கோழி குளிர் அறையில் கிடந்து, லாரியில் போய், கடைக் குளிர்பெட்டியில் உட்கார்ந்து, வீட்டு ஃப்ரிட்ஜிலும் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் அடுப்புக்குப் போகும். குளிரில் கிருமி சாகாது. பெரும்பாலானது அடங்கிக் கிடக்கும். அதில் சில சாதி, குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும். அதனால்தான் குளிர் அறைக்குப் போகும் முன்பே அமிலத் தொட்டியில் முக்கியெடுப்பது. எல்லாவற்றையும் கொல்லாது. பெருமளவு குறைக்கும். மிச்சத்தை அடுப்புப் பார்த்துக்கொள்ளும்.

கொக்கியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கோழிகள் வரும். என் தொட்டியில் முங்கும், எழும், சொட்டச் சொட்ட உள்ளே போகும். கோழியின் கொழுப்பும் ரத்தமும் கலக்கக் கலக்கத் தொட்டியின் வீரியம் குறைந்துகொண்டே போகும். மணிக்கொரு தடவை ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் ஒரு மருந்தை விட்டு, இன்னொரு மருந்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். எத்தனையாவது துளியில் ரோஸ் நிறம் வருகிறதோ அதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபது துளிக்குக் குறையவே கூடாது. குறைந்தால் டிரம்மிலிருந்து புது அமிலம் விட வேண்டும். அமிலம் இல்லையென்றால் கொக்கிகள் ஓடுகிற லைன் நிற்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான். இதே காரியத்தைப் பியூரெட் என்ற அளவுக்குழாய் வைத்து இதைவிடத் துல்லியமாக மூன்று வருடம் செய்திருக்கிறேன். அந்தச் சான்றிதழை இங்கே மதிப்பிடுவதற்கு அனுப்பினேன். உறை மூடிய இடத்தில் பல்கலைக்கழக முத்திரை குறுக்காக விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முத்திரையோடு அனுப்பினால் பாடத்திட்டம் எங்கே என்றார்கள். அதற்கும் என் காக்காவின், அதாவது அண்ணனின், மகன் ஊரிலிருந்து அலைந்தான். கடைசியில் வந்த கடிதத்தில், என் மூன்று வருடப் படிப்பு இங்கே இரண்டு வருடத்துக்குச் சமம் என்று இருந்தது. ஒரு வருடத்தை எந்த ஏர்போர்ட்டில் தொலைத்தேன் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஆய்வகத்தில் வேலை கிடையாது, வெட்டுமேசைக்குப் போ என்றார்கள். ஐந்து வருடம் வெட்டினேன். பிறகுதான் தொட்டி கிடைத்தது. அது என்னுடைய தொட்டி. அப்படித்தான் நினைத்திருக்கிறேன், இப்போதும் நினைக்கிறேன்.

3

திங்கட்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். அமில டிரம் ஏற்றி வந்த லாரி எங்கேயோ நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இருபத்தொரு துளி. எட்டு மணிக்குப் பதினேழு. இருந்த கடைசி அமிலத்தை விட்டேன், இருபதுக்கு ஏறியது. ஒன்பது மணிக்கு எடுத்தபோது பதினோராவது துளியிலேயே ரோஸ் வந்துவிட்டது. நம்பாமல் குப்பியைக் கழுவி மறுபடியும் எடுத்தேன். பதினொன்றுதான்.

கெவினைக் கூப்பிட்டேன். கெவின் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அஸீஸுக்கு, என் வீட்டுக்காரருக்கு, முதுகு முறிந்து கிடந்தபோது எனக்காக ஷிப்ட் மாற்றிக் கொடுத்தவன். அன்றைக்கு அவனுக்கும் மேலேயிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "லாரி மத்தியானம் வந்துவிடும். அதுவரைக்கும் ஓட்டு. தாளில் இருபது என்று எழுது."

"பதினொன்று இருக்கிறது."

"தெரியும். இருபது என்று எழுது."

"எழுத மாட்டேன்."

"நூர், இது ஒரு நம்பர். இந்தக் கோழியை நீ தின்னப்போகிறாயா? உன் வீட்டில் இதை வாங்குவதுகூட இல்லையே."

அது உண்மை. ஹலால் கோழி விற்கிற கடையில்தான் நான் வாங்குவேன். பன்னிரண்டு வருடத்தில் என் கை தொட்ட கோழிகளில் ஒன்றைக்கூட நான் தின்றதில்லை. ஆனால் அவன் அதைச் சொன்னவுடன் எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. நான் தின்னாவிட்டால் என்ன? தின்கிறவன் வீட்டில் பிள்ளை இல்லையா, வயசான ஆள் இல்லையா? என் பிள்ளைக்கு ஆகாதது அவன் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா? போடா, உன் எளவு நம்பர் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

லைன் நின்றது. அத்தனை கோழிகளும் ஒரு ஆட்டம் ஆடி நின்றன. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.  நான் கையைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

கால் மணி நேரத்தில் என்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு மேலங்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது லைன் மறுபடியும் ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெவின் என் தாளில் எழுதிக்கொண்டிருந்தான். நான் கதவருகே போய் எட்டிப் பார்த்தேன். இருபது.

4

அன்று சாயங்காலமே, வெள்ளிக்கிழமை நான் கையெழுத்திட வேண்டிய தாளின் நகலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். நான் எதிர்பார்த்தது திட்டு. வந்ததோ சலுகை. "மேற்பார்வையாளர் தந்த அறிவுறுத்தலை மொழிச் சிரமம் காரணமாகத் தவறாகப் புரிந்துகொண்டு லைனை நிறுத்தினேன். இனி ஆங்கிலப் பயிற்சி எடுத்துக்கொள்கிறேன்." கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. இதில் கையெழுத்திட்டால் திங்கட்கிழமை என் தொட்டிக்குத் திரும்பலாம். மறுத்தால், மேற்பார்வையாளர் சொல்லை மீறிய குற்றத்துக்காக வேலை போகும்.

அஸீஸ் இரண்டு தடவை வாசித்தார். முதுகு போனதிலிருந்து அவரால் வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வண்டி ஓட்ட முடியாது. வீடு என் சம்பளத்தில்தான் நிற்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"ஒனக்குத் தோணுனதச் செய்யி. பெறவு என்னயக் கொற பறயாத."

"நீங்க என்ன செய்வீங்க?"

"நானா? நான் கையொப்புட்டுட்டு வந்து உங்கிட்ட திட்டு வாங்குவேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் என் சங்கடம் என்னவென்று அவருக்குத் தெரியாது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மொழிச் சிரமம் என்ற சொல்லை என் கோப்பில் முதலில் எழுதவைத்தவள் நானேதான்.

தொட்டிக்கு வந்த முதல் வாரம். அமிலத்தில் முங்கி எழுந்த கோழியைத் தண்ணீர் விட்டு அலசக் கூடாது, தோலில் ஒட்டியிருக்கிற அமிலம் குளிர் அறையிலும் வேலை செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. காரணம்கூட விளங்கியது, படித்தவளாயிற்றே. ஆனால் மனம் ஒப்பவில்லை. நம்மூரில் புளியோ நாரங்காவோ போட்டுப் பிசைந்ததை அப்படியே விடுவோமா? மூன்று வெள்ளம் கழுவினால்தான் சுத்தம். கழுவாத பண்டத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதே பாவம் என்று வளர்ந்த கை இது. வெள்ளைக்காரனுக்குக் கோழி கழுவத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, தரை கழுவுகிற ஹோஸை எடுத்து, போகிற கோழிக்கெல்லாம் மூன்று மூன்று தடவை தண்ணீர் பீய்ச்சினேன். ஒரு மணி நேரம் எவரும் பார்க்கவில்லை. பார்த்தபோது கெவின் தலையில் கை வைத்துக்கொண்டான். போன கோழி அத்தனையும் திரும்ப வந்து மறுபடியும் முங்க வேண்டியிருந்தது.

"சொன்னது உனக்குப் புரியவில்லையா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். புரியவில்லை என்று ஆட்டினேன். அது வசதியாக இருந்தது. பாவம், இங்கிலீஷ் தெரியாது என்று எழுதி விட்டுவிட்டார்கள். சொன்னது விளங்கியும் திமிரில் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இங்கே வந்த நம் ஆட்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாகத் தெரியும். தப்பு செய்தால் மொழி புரியவில்லை. கேள்வி வந்தால் மொழி புரியவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். தப்பித்துத் தப்பித்து, கடைசியில் நம் வாயிலிருந்து வருகிற எதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதினொன்று என்று நான் சொன்னால், பாவம், அவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஆகிவிடும். அதற்குக் கையெழுத்தும் நானே போட வேண்டுமாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையே உணவுச் சோதனை அதிகாரிகளுக்கு நான் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்ற ஆசையில் வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். அந்தக் கோழிகள் அப்போது கடைக் குளிர்பெட்டிகளில் இருந்தன.

5

வெள்ளிக்கிழமை. மொழிபெயர்க்க யாரையாவது கூட்டி வரலாம் என்று அந்த மின்னஞ்சலில் இருந்ததால் சபியா தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். காரில் வழி முழுக்க ஒரே பாட்டுதான்.

"சைன் போட்டா ஓவர் உம்மா. யாரு அத படிக்கப் போறா? வாப்பாக்கு முடியல. எனக்கு ஃபீஸ் இருக்கு. நீ ஏன் எப்பவும் சண்ட?"

 என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே அப்போது முழுதாகத் தெரியாது என்பதுதான் நிஜம்.

அலுவலக அறையில் லிண்டா என்ற மனிதவள அதிகாரி இருந்தார். பக்கத்தில் கெவின். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. லிண்டா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சின்னப் பிள்ளையிடம் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக, மெதுவாக. தாளை என் பக்கம் தள்ளி, பேனாவையும் மேலே வைத்தார்.

"இது உன் நன்மைக்குத்தான். உன்மேல் தப்பில்லை. உனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். புரியாமல் போவது குற்றமில்லை."

பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதையும் சொல்லத்தானே வேண்டும். அஸீஸின் முதுகு நினைவுக்கு வந்தது, சபியாவின் காலேஜ் நினைவுக்கு வந்தது. பிறகு கெவினைப் பார்த்தேன். அவன் கண் தாளிலேயே இருந்தது.

பேனாவை வைத்துவிட்டு என் இங்கிலீஷில் சொன்னேன். "அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. பதினொன்று இருக்கும்போது இருபது என்று எழுதச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். ஆறு வருடத்துக்கு முன்னால் கோழியை அலசினேனே, அன்றைக்கும் எனக்குப் புரிந்தது. அது என் தப்பு. அதையும் கோப்பில் திருத்திக்கொள்ளுங்கள்."

என் இங்கிலீஷில் ஒழுங்கான இலக்கணம் கிடையாது. இறந்தகாலமும் நிகழ்காலமும் அதில் ஒன்றாய்க் கிடக்கும். ஆனாலும் கெவினின் காது சிவந்துபோனதிலிருந்து சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

லிண்டா என்னை விட்டுவிட்டு சபியாவைப் பார்த்தார். "இதில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும். அது உன் அம்மாவுக்குப் புரிகிறதா என்று அவர் மொழியில் கேட்டுச் சொல்."

சபியா என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. என் மேல் கோபமா, வேறு யார் மேலாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"உம்மா, சைன் போடலைன்னா வேல போயிரும். வெளங்குதா?"

"வெளங்குது மக்கா."

"நல்லா வெளங்குதா?"

"நல்லாவே வெளங்குது."

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் லிண்டாவிடம் திரும்பினாள். நான் இதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக, மெதுவாகச் சொன்னாள்.

"என் அம்மாவுக்குப் புரிகிறது. உங்களுக்குப் புரிகிறதா?"

பிறகு தாளை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அலமாரியில் கிடந்த என் ஸ்வெட்டரையும் தொழுகை விரிப்பையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தந்தார்கள். வாசல்வரை கூட ஒரு காவலாள் வந்தார்.

காரில் ஏறியதும் சபியா அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு, உணவுச் சோதனை அலுவலகத்து எண்ணைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் தேடி எடுத்து, தானே போட்டுத் தந்தாள்.

ஒரு பெண் எடுத்தாள். நான் பேரைச் சொன்னேன், வேலை பார்த்த இடத்தைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை என்று ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தி, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் யாராவது வேண்டுமா?"

"வேண்டாம்," என்றேன். "நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்."